கோப்பைக்கு அடியில் இருக்கும் வளையம்

நேயர்களுக்கு வணக்கம். வீடுகளுக்குக் குழாய் வேலை செய்து கொடுப்பது என் தொழில். வெஸ்டர்ன் டாய்லெட்டின் கோப்பையும் கழிவுக் குழாயும் சேருகிற இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். யார் கண்ணிலும் படாத இணைப்பு அது. அதனாலேயே வீட்டுக்காரர் கேட்பதில்லை, வேலைக்காரரும் சொல்வதில்லை.

நம் ஊரில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? தரையில் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் வாயைத் திறந்தபடி நிற்கும். கோப்பையைத் தூக்கி அதன்மேல் வைப்பார்கள். சுற்றிலும் வெள்ளைச் சிமென்டைப் பூசி, ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் சிமென்டுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. வீட்டில் இருக்கிற எல்லோருடைய எடையும் தினமும் பல முறை அந்தக் கோப்பையில் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு அது அசைந்தாலே போதும், சிமென்டில் மயிரிழை விரிசல் விழுந்துவிடும். ஒவ்வொரு ஃபிளஷுக்கும் 3 முதல் 6 லிட்டர் தண்ணீர் அந்த வழியாக இறங்குகிறது. அதில் ஒரு கரண்டி வெளியே கசிந்தாலும், ஒரு மாதத்தில் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுக்குமாடி வீடுகளில் இது இன்னும் மோசம். பாத்ரூம் தளத்தை ஓர் அடி தாழ்த்திப் போட்டு, செங்கல் ஜல்லியால் நிரப்பி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவது வழக்கம். கசிகிற தண்ணீர் அந்த ஜல்லிக்குள் போய்த் தங்கிவிடும். மாதக்கணக்கில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. கீழ் வீட்டுச் சீலிங்கில் சுண்ணாம்பு உப்பி, பழுப்பாக வட்டம் விழும்போதுதான் தெரியும். அப்படி ஒரு வீட்டில் கோப்பையைக் கழற்றியபோது, குழாயின் ஒரு பக்கம் வெள்ளைச் சிமென்ட் கல் மாதிரி ஒட்டியிருந்தது. மறுபக்கம் விரல் நகம் நுழைகிற இடைவெளி, உள்ளே ஜல்லி கறுத்து ஊறிக் கிடந்தது. அதற்கு முன்பே அவர்கள் ஷவர் பக்கத்து டைல்ஸை இரண்டு முறை உடைத்து மாற்றியிருந்தார்கள். குளிப்பதும் கழிப்பறையும் ஒரே அறையில் என்பதால், தரையில் ஈரத்தைப் பார்த்தாலே குளித்த தண்ணீர் என்றுதான் நினைக்கிறோம். பழி எப்போதும் டைல்ஸ் மேலேயே விழுகிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ராத்திரி எல்லோரும் குளித்து முடித்த பிறகு கோப்பையின் அடிப்பகுதியை நன்றாகத் துடைத்துவிடுங்கள். பழைய செய்தித்தாளைக் கிழித்துச் சுற்றிலும் வையுங்கள். ஃபிளஷ் பண்ணாமலே காகிதம் நனைந்தால், கோளாறு ஆங்கிள் வால்விலோ (சுவரில் தண்ணீரைத் திறந்து மூடும் சின்னக் குழாய்த் திருகு) தொட்டிக்குப் போகும் கனெக்ஷன் பைப்பிலோ இருக்கலாம். ஃபிளஷ் பண்ணியதும் அடியிலிருந்து நனைந்தால் இணைப்பில்தான் சந்தேகம். தேய்த்துக் கழுவிய பிறகும் போகாத நாற்றம், விளிம்புக்கு அடியிலிருந்து வருகிற கரப்பான் பூச்சி, உட்கார்ந்தால் லேசாக ஆடுகிற கோப்பை, இவையும் அதையே சொல்கின்றன.

இப்போது எதை வாங்குவது என்று பார்ப்போம். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று வேக்ஸ் ரிங், மெழுகு வளையம். கோப்பையை அழுத்தும்போது மெழுகு நசுங்கி இடைவெளியை அடைத்துவிடும். நல்ல பொருள்தான், ஆனால் ஒரு முறைதான். வைத்த கோப்பையைத் திரும்பத் தூக்கினால் புது வளையம்தான் போட வேண்டும். வெயில் படுகிற மாடியில் போட்டு வைத்தால் இளகி வடிவம் கெட்டுவிடும். இன்னொன்று ரப்பர் உதடுகள் வைத்த பேன் கனெக்டர். ஒரு முனை கோப்பையின் வாயைப் பிடிக்கும், மறுமுனை குழாய்க்குள் இறங்கி இறுகும். தேவைப்பட்டால் கழற்றி மாட்டலாம். கோப்பை வாயும் குழாயும் நேர்கோட்டில் இல்லாவிட்டால், கொஞ்சம் விலகி வளைந்த கனெக்டரும் உண்டு. கழிவுக் குழாய் சுவர் வழியாகப் போகிற பி ட்ராப் கோப்பைக்கு ரப்பர் கனெக்டர்தான் பொருத்தம். தரையில் இறங்குகிற எஸ் ட்ராப்புக்கும், குழாயின் விளிம்பு ஒழுங்காக இருந்தால் என் தேர்வு ரப்பர்தான்.

வாங்கப் போகுமுன் ஓர் அளவு எடுங்கள். குழாயின் விளிம்பு டைல்ஸுக்குச் சமமாக இருக்கிறதா, கீழே இருக்கிறதா? பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் தரை உயர்ந்து, குழாய் உள்ளே போயிருக்கும். அங்கே சாதாரண மெழுகு வளையம் எட்டாது. தடித்த வளையமோ, நீளமான கனெக்டரோ, குழாய்க்கு ஒரு நீட்டிப்புத் துண்டோ வேண்டும். இந்த அளவை எடுக்காததாலும் பல இடங்களில் கசிவு வருகிறது. கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரருக்குச் சுலபம்.

பொருத்தும்போது முதலில் ஆங்கிள் வால்வை மூடுங்கள். கோப்பையில் நிற்கும் தண்ணீரைக் குவளையாலும் ஸ்பான்ஜாலும் எடுத்துவிடுங்கள். கையுறை கட்டாயம். பழைய சிமென்ட் பூச்சை மெல்லிய உளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்க வேண்டும். அவசரப்பட்டால் கோப்பை உடையும். மெதுவாகச் செய்தாலும் சில சமயம் உடையும், அந்தச் செலவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றியதும் குழாய் வாயில் பழைய துணியைத் திணித்துவிடுங்கள். நாற்றமும் வராது, ஜல்லியும் உள்ளே விழாது. முடிக்குமுன் அந்தத் துணியை மறக்காமல் எடுக்க வேண்டும். குழாயின் உள்பக்கம் ஒட்டிய சிமென்டைச் சுரண்டி வழவழப்பாக்குங்கள். ரப்பர் உதடு உட்காருகிற இடத்தில் மணல் அளவு பிசிறு இருந்தால்கூடக் கசியும்.

சீல் போடாமல் கோப்பையை ஒரு முறை வெறுமனே வைத்துப் பாருங்கள். ரசமட்டம் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஆடினால் அடியில் பிளாஸ்டிக் சில்லு கொடுங்கள். கோப்பையின் அடியைச் சுற்றித் தரையில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸோ எஞ்சின் எண்ணெயோ கூடவே கூடாது, ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். கோடு பார்த்து நேராக இறக்கி, உட்கார்ந்து அழுத்துங்கள். இரண்டு பக்கத்து ஸ்குரூக்களையும் மாறி மாறிக் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் பீங்கானில் விரிசல் விழுந்துவிடும்.

உடனே சிலிகான் பூசாதீர்கள். நாலைந்து முறை ஃபிளஷ் செய்து, செய்தித்தாள் சோதனையை இன்னொரு முறை பாருங்கள். காகிதம் காய்ந்தே இருந்தால் முன்பக்கமும் பக்கவாட்டிலும் சிலிகான் பூசுங்கள். தினமும் தரை கழுவுகிற நம் வீடுகளில் அது தேவை. பின்பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள். என்றைக்காவது சீல் விட்டால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். சிலிகான் காய 24 மணி நேரம் அந்தப் பாத்ரூமைப் பூட்டி வையுங்கள். கீழ் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி, ஒரு வாரம் கழித்துச் சீலிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வணக்கம்.