பல்லும் அதைத் தாங்கும் எலும்பும்

(திருகோணமலைப் பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, வைத்தியப் பெருமக்களே, கோணேசர் கோயில் பூசை முடித்து நேரே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் தாய்மாரே, வணக்கம். தலைவர் அவர்கள் தந்த இருபது நிமிடமும் அவருடைய சேவையைப் பாராட்டவே போதாது. ஆயினும் வளர்ச்சிக் காரணிகள், பல் வைத்தியப் பொருட்கள், டைட்டேனியச் செயற்கை வேர் ஆகிய மூன்றையும் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பார்கள். எலும்பும் போகும் என்பேன் நான்; பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு நாளடைவில் கரைகிறது. அதை மீண்டும் கட்டவேண்டியவை எலும்பாக்கும் கலங்கள். கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புதிய எலும்பு உருவாகும் என்று 1965இல் அமெரிக்க எலும்பு வைத்தியர் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். அதைத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகள் பின்னர் இனங்காணப்பட்டன. எல்லாக் காரணியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில, கலங்களைப் பெருக்கும். ஆனால் முதிரவிடாது தாமதப்படுத்தும். நாற்றுச் செழித்தால் மட்டும் நெல் விளையாது என்பதைத் தம்பலகாமத்தாருக்கு நான் சொல்ல வேண்டுமா?

இனிப் பொருட்கள். கிண்ணியாப் பக்கத்து ஆலங்கேணியில் என் பெரியம்மா ஒருவர் இருந்தார். கடைவாய்ப் பல் குத்தியபோது கராம்பு எண்ணெயில் பஞ்சை நனைத்துச் சொத்தைக்குள் திணித்தார். குத்துக் குறைந்ததும் இன்னும் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம். ஐந்தாம் நாள் பக்கத்துப் பல்முரசு வெந்த மீன்போல வெளுத்திருந்தது. கராம்பிலுள்ள யூஜினோல், துத்தநாக ஒட்சைட்டுடன் குழைக்கப்பட்டால் கட்டுப்பட்டு மெல்ல மெல்லக் கசியும். நேராக ஊற்றினால் கலங்களைக் கொல்லும். பெரியம்மாவுக்கோ வலி நின்றதே போதும் என்றிருந்தது. நரம்பு செத்ததால் நின்ற வலி அது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முந்திய காலம். வீங்கிய கன்னத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, மிதவைப் பாதை வரும்வரை வெயிலில் நின்று, நகருக்கு வந்து சேர்ந்தார். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு நிழல். அத்தனையும் கரைந்த எலும்பு. பல்லைப் பிடுங்கினார்கள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு. அதன்பின் அவர் தேவாரம் பாடும்போது வாயைக் கையால் மறைப்பார்.

இன்று அப்படிப்பட்ட வேரை அடைக்க எம்.டி.ஏ. (மினரல் டிரையொக்சைட் அக்ரிகேட்) என்னும் பொருள் இருக்கிறது. சீமெந்து ஆலை உள்ள ஊராருக்கு வியப்பாக இருக்கும்: அது போட்லண்ட் சீமெந்தின் உறவு. ஈரத்தில் இறுகும், கல்சியத்தை விடுவிக்கும், சுற்றிலும் காரத்தன்மையைக் கூட்டும். எலும்பாக்கும் கலங்கள் அதன்மேல் ஒட்டி வளர்கின்றன. சரியாக இறுகாத பிசின் நிரப்பிகளிலிருந்து கசிபவையோ அதே கலங்களுக்கு நஞ்சு.

ஆனால், எவ்வளவு நல்ல பொருளும் நோயாளி வந்து சேர்ந்தால்தான் பயன்படும். ஆகவேதான் இரு வாரத்துக்கு ஒருமுறையாவது நடமாடும் பல் சிகிச்சை நிலையம் எங்கள் கிராமங்களுக்கு வரவேண்டும் என்று கேட்கிறோம். செயலாளர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்வதைக் காண்கிறேன், நன்றி. டைட்டேனியத்துக்கு நேரமில்லை என்று தலைவர் மணியைக் காட்டுகிறார். மனு வாசலில், தண்ணீர்ப் பானைக்கு அருகே இருக்கிறது. கையொப்பத்துடன் ஊர்ப் பெயரையும் எழுதுங்கள், சென்றமுறை பலர் எழுதாமல் விட்டீர்கள்.