கடைசி மூச்சு விடும்போது பக்கத்துல ஆள் வேணும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், மேடையில இருக்கிற ரெண்டு அணிக்கும், மழை வர்ற மாதிரி இருந்தும் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

"உயிர் பிரியும் நேரத்தில் உறவுகள் அருகில் இருப்பது அவசியமா, அவசியமில்லையா?" இதுதான் தலைப்பு. நான் அவசியம்னு பேச வந்திருக்கேன். முன்னாடி பேசின அக்கா என்ன சொன்னாங்க, உசுரோட இருக்கும்போது ஒரு வாய் சோறு போடாதவன் சாகும்போது வந்து நின்னு என்ன பிரயோசனம்னு கேட்டாங்க, நீங்களும் கை தட்டுனீங்க, நானும்தான் தட்டுனேன். ஆனா அக்கா, சோறு போட்டவனையும் கடைசி நேரத்துல வெளிய நிறுத்துறாங்களே, அவனுக்கு என்ன பதில்?

எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஐசியூவுல வச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரி பேரு வேணாம். காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், அதுவும் ஒரு ஆள்தான், மத்த நேரமெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு வெளிய பிளாஸ்டிக் சேர்ல. மூணாம் நாள் விடியக்காலம் ஒரு நர்ஸ் வந்து சீட்டைக் குடுத்து, இந்த ஊசிய உடனே வாங்கிட்டு வாங்கன்னாங்க, நான் கீழ மெடிக்கலுக்கு ஓடுனேன், க்யூவுல ரெண்டு பேரு, பில்லு போட்டு வாங்கிட்டு படியேறி வந்தா பெட்டைச் சுத்தி திரைய இழுத்து விட்டிருந்தாங்க. அப்பாவோட வாட்சையும் மூக்குக்கண்ணாடியையும் ஒரு பாலித்தீன் கவர்ல போட்டு என் கையில குடுத்தாங்க. ஊசி இன்னொரு கையில இருந்துச்சு.

அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி எங்க அம்மாச்சி போனாங்க, உசிலம்பட்டிப் பக்கம் ஊருல, வீட்டுத் திண்ணைய ஒட்டின ரூம்ல. சோறு தண்ணி எறங்காம பல நாள் கெடந்தாங்க. இழுத்துக்கிட்டு கெடக்கு, யாருக்கோ காத்துக்கிட்டு இருக்குன்னு ஊரே சொல்லுச்சு, சூரத்துல இருந்து எங்க மாமா வந்து சேந்தாரு. எங்கம்மா ஒரு வெள்ளைத் துணிய நனைச்சு அவங்க ஒதட்டுல ஒத்திக்கிட்டே இருந்தாங்க. அம்மாச்சி கை எங்கம்மா சேலை முந்தானையப் புடிச்சிருந்துச்சு, விரல்ல பலமே இல்ல, ஆனா விடல. ஒரு மூச்சு வரும், அப்புறம் நின்னுடும், நாங்க எல்லாரும் எங்க மூச்சையும் சேத்துப் புடிச்சுக்கிட்டுப் பாப்போம், திரும்ப வரும். கடைசியா ஒண்ணு வந்துச்சு. அதுக்கப்புறம் வரல. எங்கம்மா அழல, முந்தானைய அந்த விரல்ல இருந்து மெதுவா எடுத்தாங்க.

எங்கம்மா இன்னைக்கும் அவங்க அம்மாவைப் பத்திப் பேசும்போது குரல் கம்முறதில்ல. நான் எங்க அப்பாவப் பத்திப் பேசுனா கம்முது. உங்களுக்கே தெரியுது.

எதிரணித் தம்பி, பாத்தா மனசு தாங்காதுன்னாரு. தம்பி, என்ன நடக்குதுன்னு தெரியாததாலதான் அந்தப் பயம். கை கால் சில்லிடும், பாதத்துல முட்டியில திட்டுத்திட்டா நிறம் மாறும், தொண்டையில கொரகொரன்னு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேக்கத்தான் பயங்கரமா இருக்கும், எச்சில முழுங்க முடியாம தேங்கி நிக்கறதுதான் அது, நெனவு தப்பிக் கெடக்குற அவங்களுக்கு அது வேதனையா இருக்காதுன்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சாலே கொறையும். இன்னொண்ணும் சொல்லணும், பால் ஊத்துறோம்னு டம்ளரோட ஊத்தாதீங்க, முழுங்க முடியாதவங்களுக்கு அது மூச்சுக்குழாயில போயிரும், எங்கம்மா பண்ண மாதிரி ஒதட்ட நனைச்சா போதும். இதையெல்லாம் யாராவது முன்னாடியே சொல்லிட்டா எந்தப் பிள்ளையும் பயந்து வெளிய ஓடாது.

காது கேக்கும், பேசுங்கன்னு நம்ம பாட்டிங்க சொல்லுவாங்கல்ல? கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரங்க 2020ல ஒரு ஆய்வ வெளியிட்டாங்க, சாவை நெருங்கி எதுக்கும் அசையாமக் கெடந்த சிலரோட மூளைகூட சத்தத்துக்கு அசைஞ்சு குடுத்துருக்கு. புரிஞ்சு கேக்குறாங்களான்னு அதுல சொல்ல முடியல. சத்தம் போய்ச் சேருது. எனக்கு அது போதும்.

அப்ப டாக்டர் வேணாமான்னு கேப்பீங்க, வேணும்யா! வலி தெரியாம பாத்துக்க மார்பின் வேணும், நர்ஸ் வேணும், ஆனா அந்த வைத்தியம் வீட்டைத் தேடி வரணும். பக்கத்துல கோழிக்கோட்டுல டாக்டர் ராஜகோபாலும் கூட இருந்தவங்களும் 1993ல ஆரம்பிச்ச வலி நிவாரண இயக்கம் கேரளா முழுக்கப் பரவி, பக்கத்து வீட்டுக்காரங்களே தன்னார்வலரா வந்து பாத்துக்குற அளவுக்கு வளந்துருக்கு. நம்ம ஊர்லயும் 2021ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு வீட்டுக்கே வந்து பாக்குறது உண்டு, கேட்டு வாங்குங்க. எனக்கு மெஷின் வேணாம், நிம்மதியா விடுங்கன்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே 2018 மார்ச்சுல சொல்லிருச்சு, 2023ல அதை இன்னும் எளிசாக்கி, ரெண்டு சாட்சி வச்சு, நோட்டரி இல்லேன்னா கெசட்டட் ஆபீசர் முன்னாடி கையெழுத்துப் போட்டா போதும்னுட்டாங்க. எங்கப்பாகிட்ட அதைப் பத்தி நான் ஒரு நாளும் பேசல. பேசியிருக்கணும்.

வெளிநாட்டுல இருக்கவன் என்ன பண்ணுவான்னு கேட்டாங்க. அவனை நான் குத்தம் சொல்லவே இல்ல, போனைக் காதுகிட்ட வைக்கச் சொல்லிப் பேசட்டும், கொரோனா காலத்துல நர்ஸுங்க பிபிஇ கிட் போட்டுக்கிட்டு அதைத்தான செஞ்சாங்க. பிள்ளைங்க டீ குடிக்கப் போன நேரமாப் பாத்துப் போய்ச் சேந்தவங்களும் உண்டு, அக்கா சொன்னது நெசம், அதுக்கும் யாரும் வருத்தப்படாதீங்க, அது வரைக்கும் நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல. நான் கேக்கறது அந்த ஒரு செகண்டை இல்லீங்க ஐயா. இனிமே பொழைக்க மாட்டாருன்னு தெரிஞ்ச பெறகாவது அந்தக் கண்ணாடிக் கதவைத் தொறந்து விட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு, உக்காருப்பா, கையப் புடிச்சுக்கன்னு சொல்லுங்க, அதைத்தான் கேக்குறேன்.

அந்த மெடிக்கல் பில்லு இன்னும் என் பர்ஸுல இருக்கு. அதுல நேரம் 3.52ன்னு அடிச்சிருக்கு. ஆஸ்பத்திரி குடுத்த பேப்பர்ல அப்பா போன நேரம் 3.50.

நன்றி, வணக்கம்.