தரை நனைந்தால் மெஷின் மேல் பழியா?

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். "வீட்டுச் சமையலறைக்கு டிஷ்வாஷர் தேவையா, தொல்லையா?" தேவையே என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எதிரணித் தலைவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது.

என்ன சொல்லிவிட்டுப் போனார்? "டிஷ்வாஷர் மாட்டினவன் பாத்திரம் கழுவுவதில்லை, தரையைத்தான் துடைக்கிறான்." கைதட்டலை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். ஐயா, தரை நனைவது மெஷினாலா, அதை மாட்டின லட்சணத்தாலா?

என் நண்பர் வீட்டுக் கதையைக் கேளுங்கள். புது மெஷின் வந்தது, மாட்டியாயிற்று, முதல் ராத்திரி ஓடிப் பாத்திரமெல்லாம் பளபளவென்று வெளியே வந்தது. மறுநாள் சாயங்காலம் கதவைத் திறந்தால் அடியில் தண்ணீர். சாதாரணத் தண்ணீர் இல்லை, நீலத் தண்ணீர்! மனுஷர் ஆடிப்போய்விட்டார். கடைக்கு போன் போட்டு என்ன சொன்னார் தெரியுமா? "மெஷின் சாயம் போகுதுங்க!" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "சார், நீங்க வாங்கினது வெள்ளை மெஷின்தானே?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமாங்க, வெள்ளைதான், ஆனா நீலமா சாயம் போகுது!"

வீடே கூடிவிட்டது. ஒருவர் சோப்பு மாத்திரை கரைந்த நீலம் என்கிறார், இன்னொருவர் உள்ளே ஏதோ ஒயர் உருகிவிட்டது என்கிறார். இந்தக் கூட்டத்துக்குள் புகுந்து அந்த வீட்டுக் குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐ! என் கலர் தண்ணி!" என்றது. மத்தியானம் படம் வரைந்து பிரஷ் கழுவின தண்ணீரை அது சிங்கில் கொட்டியிருக்கிறது. மேலே சிங்கில் கொட்டினது கீழே மெஷினுக்குள் வந்து நிற்கிறது!

விஷயம் இவ்வளவுதான். மெஷினின் கழிவுநீர்க் குழாயை சமையல் மேடைப் பலகைக்குச் சற்றுக் கீழே வரை மேலே தூக்கி, அங்கே ஒரு கிளிப் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் சிங்க் கழிவுக் குழாயில் இறக்கிச் சேர்க்க வேண்டும். அங்கே அந்தக் குழாய் தரையிலேயே படுத்துக் கிடந்தது. சிங்க் கொஞ்சம் அடைத்துக்கொண்டதும் தண்ணீர் போக வழியில்லாமல் மெஷினுக்குத் திரும்பிவிட்டது. குழாயைத் தூக்கி ஒரு கிளிப் மாட்டினார்கள், சாயம் நின்றுவிட்டது!

இப்போது சொல்லுங்கள், அது மெஷின் குற்றமா? ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் மெஷினைச் சாய்வாக நிறுத்தினால் கதவு சரியாகப் பொருந்தாது, ஓரத்தில் ஒழுகும். அதற்காகத்தான் மெஷினின் காலைத் திருகி ஏற்றி இறக்கும்படி கொடுத்திருக்கிறார்கள். முதல் ஓட்டத்தின்போது குழாய் இணைப்புக்குக் கீழே ஒரு காய்ந்த டிஷ்யூ காகிதத்தை விரித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும், இணைப்புக்குள் இருக்கும் ரப்பர் வாஷரைச் சரிசெய்தால் முடிந்தது. பல மெஷின்களின் அடித்தட்டில் மிதவை வேறு இருக்கிறது. தண்ணீர் தேங்கினால் அது மேலே எழும்பி, உள்ளே வரும் தண்ணீரை நிறுத்திவிடும். தரை நனையக் கூடாது என்று எதிரணித் தலைவரைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர்கள்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

அடுத்து இடம் இல்லை என்றார். 60 சென்டிமீட்டர் அகலம் முடியாதென்றால் 45 சென்டிமீட்டரிலும் வருகிறது. சிங்குக்குப் பக்கத்து அலமாரி ஒன்றை விட்டுக்கொடுங்கள், போதும்.

ஆடம்பரம் என்றாரே, அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷினுக்கு 1886-இல் காப்புரிமை வாங்கியவர் ஜோசஃபின் காக்ரேன். 1883-இல் கணவர் இறந்து, கடன் மட்டும் மிஞ்சி நின்ற பெண். அந்த நிலைமையிலும் விடாமல் செய்து முடித்து, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்தினார். முதலில் வாங்கினது ஹோட்டல்கள்தான். வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர எத்தனையோ பத்தாண்டுகள் ஆயின. அத்தனை வருஷமும் அந்த வேலையைச் செய்தது யார் கை?

நடுவர் அவர்களே, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். யாரோ ஒன்று சொல்ல, வீடே சிரிக்கும். சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும்: "என்ன? என்ன சொன்னீங்க?" குழாய் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்டிருக்காது. "ஒண்ணுமில்லம்மா, அப்புறம் சொல்றேன்" என்போம். அப்புறம் சொன்னதே இல்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் வருவதற்குள் பாதிப் பேர் படுக்கப் போயிருப்பார்கள்.

விரல் நுனியில் சோப்பு அரித்து வெடித்த அந்தக் கைக்காக நான் கேட்கிறேன். அவர் அந்தச் சிரிப்பு நடக்கும்போதே கூடத்தில் இருக்க வேண்டும், எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐயா, எதிரணித் தலைவரே, உங்கள் வீட்டிலும் அந்தக் குரல் இருக்கிறது, இன்றைக்குப் போனதும் கேட்டுப் பாருங்கள். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.