கேப்டனை விடுங்கள், ஜடேஜாவைப் பாருங்கள்

(திரையில்: மெல்போர்ன் மைதானத்தின் படம், கீழே தேதி)

2020 டிசம்பர் 28. ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட். அதற்கு முந்தைய டெஸ்டில்தான் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டிருந்தது, கேப்டன் கோலி ஊருக்குக் கிளம்பிவிட்டார், ஷமிக்குக் கையில் எலும்பு முறிவு, மொத்தப் பாரமும் அவருக்குப் பதில் கேப்டனான ரஹானே தலையில். அவர் 112 அடித்து நிற்கிறார். எதிர்முனையில் ஜடேஜா, 49. அந்த ஐம்பதாவது ரன்னுக்காக ஜடேஜா அவசரப்பட்டு ஓடிவர, ரஹானே ரன் அவுட்.

நம்ம ஊர் டோர்னமென்டில் இப்படி நடந்தால் அந்த மேட்ச் முடியும்வரை வசவுதான், சாயங்காலம் டீக்கடை வரைக்கும் அது தொடரும். ரஹானே என்ன செய்தார்? நேராக ஜடேஜாவிடம் போய்த் தட்டிக்கொடுத்துவிட்டு பெவிலியனுக்கு நடந்தார். அவ்வளவுதான். ஜடேஜா ஐம்பதைத் தாண்டி 57 அடித்தார், இந்தியாவுக்கு 131 ரன் முன்னிலை கிடைத்தது, இரண்டாவது இன்னிங்ஸில் அவரே இரண்டு விக்கெட்டும் எடுத்தார், எட்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

தட்டிக்கொடுத்ததால்தான் ஜெயித்தோம் என்று சொல்லவரவில்லை, பும்ரா, அஸ்வின், சிராஜ் போட்ட பந்துக்கு யார் பதில் சொல்வது! ஆனால் தன்னால் கேப்டன் அவுட்டாகிவிட்டாரே என்று ஒருவன் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டே விளையாடுவதற்கும், சரி, அது முடிந்தது என்று அடுத்த பந்தைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை உண்டாக்குவதுதான் தலைவன் வேலை என்று நினைக்கிறேன்.

(திரையில்: நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி (படகர் ஊர்) மைதானம், பாதி மூடுபனியில்)

இங்கே மதியத்துக்கு மேல் மிஸ்ட் இறங்கினால் பவுண்டரியில் நிற்பவனுக்கு பேட்ஸ்மேனே தெரியமாட்டான். பேட்டில் பட்ட சத்தம் கேட்கும், அப்புறம் கீப்பர் "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்துவது கேட்கும், அதை நம்பித்தான் ஓட வேண்டும். கேட்ச் விட்டால் திட்டுகிற கேப்டன் இருக்கிற டீமில் என்ன ஆகும் தெரியுமா? பையன் கேட்சுக்கே போகமாட்டான். மிஸ்டில் தெரியவில்லைண்ணா என்று சொல்லிவிட்டு, பந்து ஒரு பிட்ச் விழுந்த பிறகு எடுத்து எறிவான். ஸ்கோர்புக்கில் அது தப்பாகவே பதிவாகாது. எஸ்டேட் ஆபீஸ், டீ ஃபேக்டரி, எங்கே போனாலும் இந்தப் பையனைப் பார்க்கலாம்.

சரி, இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். தலைமைப் பண்பு என்றாலே எல்லோரும் எடுத்துப்போடும் கதை ஒன்று உண்டு: 2007 டி20 உலகக் கோப்பை இறுதிப்போட்டி, பாகிஸ்தானுக்குக் கடைசி ஓவரில் 13 தேவை, தோனி பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார். மிஸ்பா ஒரு சிக்ஸ் அடித்துவிட்டு, அடுத்த பந்தையே ஸ்ரீசாந்த் கையில் தூக்கிக்கொடுத்தார், ஐந்து ரன்னில் வெற்றி. அந்தப் பந்து ஸ்ரீசாந்த் தலைக்கு மேல் போயிருந்தால் இதே முடிவை முட்டாள்தனம் என்றுதான் சொல்லியிருப்போம். அதனால் ஜெயித்த முடிவை மட்டும் வைத்துப் பாடம் படிக்காதீர்கள்.

(திரையில்: மஞ்சள் ஜெர்சி, 2022)

அதே ஜடேஜாவை 2022 ஐபிஎல் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது சிஎஸ்கே கேப்டன் ஆக்கினார்கள். எட்டு மேட்சில் இரண்டுதான் வெற்றி. பேட்டிங் படுத்துவிட்டது, உலகத்திலேயே சிறந்த ஃபீல்டர்களில் ஒருவர் கேட்ச்களை விட்டார். பாதி சீசனில் பொறுப்பைத் திருப்பிக்கொடுத்துவிட்டார். நல்லா விளையாடுகிறவனே நல்லா நடத்துவான் என்று நாம் சுலபமாக நினைத்துவிடுகிறோம், நல்லா கொழுந்து எடுக்கிறவரை மேஸ்திரி ஆக்குகிற கணக்குதான் இதுவும். இரண்டும் வேறு வேலை. அந்த வேலையைப் பழக அவருக்கு அவகாசமும் கிடைக்கவில்லை.

ஆனால் பொறுப்பைத் திருப்பிக்கொடுத்தவரை அதோடு ஓரங்கட்டவில்லை பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம். அடுத்த வருஷம் அகமதாபாத்தில் ஐபிஎல் இறுதிப்போட்டி, மறுபடி கேப்டனாகியிருந்த தோனி முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். மோஹித் சர்மாவை ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்து முடித்தது ஜடேஜா. தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டார், கோப்பை வாங்கவும் அவரையும் சக வீரர் ராயுடுவையும் முன்னால் அனுப்பினார்.

இப்போது உங்கள் டீமுக்கு வருவோம். இந்த ஞாயிற்றுக்கிழமை, எப்போதும் கீப்பருக்குப் பின்னால் தூரத்தில், தேர்ட் மேனில் நின்று வாயே திறக்காத பையன் ஒருத்தன் இருப்பான் அல்லவா, நான்கு ஓவருக்கு ஃபீல்டு வைக்கிற வேலையை அவனிடம் கொடுங்கள். ஏன் அங்கே ஆள் வைத்தாய் என்று ஓவர் முடிந்த பிறகு கேளுங்கள், நடுவில் கைகாட்டி மாற்றாதீர்கள். இரண்டு பவுண்டரி போனாலும் அந்த வேலையைத் திரும்ப வாங்காதீர்கள். சிக்ஸே போனாலும் சரி, பந்தைத் தேடித் தேயிலைக்குள் யாராவது இறங்கத்தானே வேண்டும், அதற்கு கேப்டனே போகலாம்.