மரத்தளம்: கழுவுவதும் காயவிடுவதும்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவுகிற பிரஷர் வாஷர் மிஷின் ஒன்று வாங்கினால் போதும், தொழில் தொடங்கிவிடலாம் என்று நம்மூர்ப் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். நினைப்பதில் தப்பில்லை. வருஷத்துக்கு இரண்டு மழை பெய்கிற மாவட்டம் இது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் பிடித்த பாசி காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். முற்றம், காம்பவுண்டுச் சுவர், மொட்டைமாடி எல்லாம் கறுத்துக் கிடக்கும். அந்த சிமெண்டு வேலையைப் பற்றி இன்று அதிகம் சொல்லப்போவதில்லை. பொறுமையாகக் கழுவினால் அது வந்துவிடும். நான் பேச வந்தது மரத்தைப் பற்றி. விடுதிகளில், தோட்ட வீடுகளில், திறந்த வெளியில் பலகை அடித்துத் தளம் போடுகிறார்களே, டெக் என்று சொல்கிறோமே, அதைப் பழுது பார்த்துப் புதுப்பிக்கிற தொழில். தண்ணீர், கறை, உலர்வு, கடைசியில் கூலிக்கணக்கு என்று நான்கு விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் மிஷின். அழுத்தத்தை பார் என்கிற அளவில் சொல்வார்கள். வீட்டுக்கு வாங்குகிற சாதாரண மிஷினே 100, 130 பார் அழுத்தம் தரும். மரத்துக்கு அவ்வளவு வேண்டாம். மிருதுவான மரத்துக்கு 35 முதல் 40 பார். தேக்கு, அயினி மாதிரி கெட்டி மரத்துக்கு 70 பார் தாண்ட வேண்டியதில்லை. ஏன் என்று கேட்டால், பலகையில் கோடு கோடாக ரேகை ஓடுகிறதே, அதில் ஒரு கோடு மெத்தென்று இருக்கும், அடுத்த கோடு கெட்டியாக இருக்கும். அழுத்தம் கூடினால் மெத்தென்ற கோடு அரித்துப் போய்விடும், கெட்டிக்கோடு மட்டும் மேடாக நிற்கும். பலகை உழுத வயல் மாதிரி ஆகிவிடும். அதைச் சரிசெய்ய மில்லிமீட்டர் கணக்கில் இழைக்க வேண்டிவரும்.

தண்ணீர் பாய்கிற முனையான நாசிலை நிறம் பார்த்து மாட்டுங்கள். வெள்ளை நிறம் 40 டிகிரி விரியும், மரத்துக்கு அதுதான். சிவப்பு நிறம் பூஜ்ய டிகிரி, ஒற்றைக் கோடாகப் பாயும், அதை மரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. சுழன்று அடிக்கிற டர்போ நாசிலும் வேண்டாம். ஒரு அடி தள்ளிப் பிடித்து, ரேகை ஓடுகிற திசையிலேயே இழுக்க வேண்டும். ட்ரிகரை அழுத்தும்போது கை ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். நின்ற கையோடு அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு தழும்பு விழுந்துவிடும்.

மிஷின் வாங்கும்போது எல்லோரும் பார் எத்தனை என்று கேட்பார்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்றும் கேளுங்கள். அழுக்கைத் தள்ளிக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. 10 லிட்டர் தள்ளுகிற மிஷின் ஒரு மணி நேரத்தில் 600 லிட்டர் குடிக்கும். வீட்டுக்காரரின் ஆயிரம் லிட்டர் டேங்க் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. கிணற்றுத் தண்ணீரானால் மிஷினுக்குள் தண்ணீர் போகிற வாய்ப்பக்கம் வடிகட்டி இல்லாமல் ஓட்டாதீர்கள், மணல் போனால் பம்பின் சீல் முதலில் போகும். ட்ரிகரை விட்டுவிட்டு மிஷினை ஓடவிட்டுப் பேசிக்கொண்டு நிற்கவும் கூடாது. உள்ளே சுற்றுகிற தண்ணீர் சூடாகி, அதுவும் சீலைத்தான் கெடுக்கும்.

தண்ணீர் என்று சொன்னதும் உப்பு ஞாபகம் வருகிறது. முட்டம், குளச்சல், சொத்தவிளை மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சமையலறையில் உப்பு ஜாடியை மழைக்காலத்தில் திறந்து பாருங்கள், கசிந்து கிடக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையும். கடற்காற்று பட்ட பலகைக்குள் அதே உப்புதான் இறங்கியிருக்கிறது. அந்தப் பலகை வெயிலில் காய்ந்த மாதிரி தெரியும், சாயங்காலம் மறுபடி கசியும். அதனால் கடலோரத்தில் கழுவுவதில் பாதி வேலை உப்பை வெளியேற்றுவது. நல்ல தண்ணீரால், குறைந்த அழுத்தத்தில், நிறையத் தண்ணீர் ஓடவிட்டு அலச வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், டேங்கர் வைத்தாவது கடைசி அலசலை நல்ல தண்ணீரில் முடியுங்கள். உப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய் அடிப்பது ஈரத் துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது மாதிரி.

அடுத்தது கறை. பலகை கறுத்திருந்தால் எல்லாம் பாசி என்று நினைத்து அழுத்தத்தைக் கூட்டுவார்கள். கறுப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று பூஞ்சணம். இன்னொன்று இரும்பு. தேக்கு, அயினி போன்ற மரங்களில் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஆணி துருப்பிடித்து அதோடு சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும். சோதனை சுலபம். ஹைப்போகுளோரைட் என்கிற குளோரின் கரைசலில் ஒரு சொட்டு அந்தக் கறுப்பில் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணம். வெளுக்காவிட்டால் பெரும்பாலும் இரும்புக்கறை. அதற்கு ஆக்சாலிக் ஆசிட்.

பூஞ்சணத்துக்குக் கேனில் வருகிற 10 சதவீதக் குளோரின் கரைசலில் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் சேருங்கள். கொதிக்கிற வெயிலில் அடிக்காதீர்கள். 10 நிமிடம் ஈரம் உலராமல் பார்த்து, பிரஷால் தேய்த்து, அலசிவிடுங்கள். இரும்புக்கறைக்கு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் ஆக்சாலிக் ஆசிட் போதும். இது விஷம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், மீன் வளர்க்கிற குளத்துக்கு ஓடவிடக் கூடாது. இதை இரண்டு தடவை சொல்கிறேன்: குளோரினையும் ஆசிட்டையும் சேர்க்கக் கூடாது. சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும். ஒன்றை முழுக்க அலசிய பிறகுதான் அடுத்தது. கடலோரத்தில் ஆணியை மாற்றுவதானால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போடுங்கள், இல்லாவிட்டால் அதே கறை திரும்ப வரும்.

இப்போது உலர்வு. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலே இதுதான்.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். அவ்வளவு மரம், அத்தனை மழைக்காலங்களைக் கண்டும் நிற்கிறது. தாழ இறங்குகிற ஓட்டுக்கூரையைப் பாருங்கள், சாரல் சுவரைத் தொடுவதற்கு முன்பே வெளியே விழுந்துவிடும். மர அழிகளைப் பாருங்கள், காற்று புகுந்து புகுந்து போகிறது. நம் பழைய ஓட்டு வீடுகளும் அப்படித்தான். நனையவிடாதே, நனைந்தால் காற்று படவிடு. ஆசாரிகள் இந்த இரண்டையும் வீட்டின் வடிவத்திலேயே வைத்தார்கள். டெக்குக்குக் கூரை இல்லை. ஆகையால் மிச்சம் இருப்பது காற்று ஒன்றுதான். பலகைகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் சருகும் மண்ணும் அடைத்திருந்தால், முதலில் அதைக் கம்பியால் கிளறி எடுங்கள். தளத்துக்கு அடியில் காற்று ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். அடியில் காற்று இல்லாத தளத்துக்கு மேலே எவ்வளவு விலை உயர்ந்த எண்ணெய் பூசினாலும் நிற்காது.

கழுவிய பிறகு எத்தனை நாள் காய வேண்டும்? மூன்று நாள் நல்ல வெயில் என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் நாளை எண்ணாதீர்கள். இரண்டு ஊசி உள்ள ஈரமானி கடையில் கிடைக்கிறது, அதைக் குத்திப் பாருங்கள். 15, மிஞ்சினால் 16 சதவீதம். அதற்கு மேல் இருந்தால் எண்ணெய் டப்பாவைத் திறக்காதீர்கள். மழைக்காலத்தில் எத்தனை நாள் காத்திருந்தாலும் அந்த எண் வராது. காற்றில் ஈரப்பதம் 85, 90 என்று நிற்கும்போது மரம் 18, 20 சதவீதத்திலேயே நின்றுவிடும். மரம் காற்றோடு கணக்குப் பார்க்கிற பொருள். அதனால் பூச்சு வேலைக்கு நம் மாவட்டத்தில் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் மழை குறைவு, காற்று அதிகம், சீக்கிரம் உலரும். ஆனால் அதே காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈர எண்ணெயில் ஒட்டும். காலையில் காற்று எழும்புவதற்கு முன் பூசி முடியுங்கள்.

உலர்ந்த பலகையில் நார் எழும்பி நிற்கும். 60 நம்பர் உப்புத்தாள், பிறகு 80. அதற்கு மேல் வழவழப்பாக்காதீர்கள், எண்ணெய் உள்ளே இறங்காது. வார்னிஷ் வேண்டாம், வெயிலில் தோல் தோலாக உரியும். உள்ளே இறங்குகிற எண்ணெயே நல்லது. மெல்லியதாகப் பூசி, 20 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காத எண்ணெய் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணிகளைக் குவித்துப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள். நம்மூர்ப் பழக்கம் ஒன்றும் உண்டு, அண்டித் தோட்டிலிருந்து, அதாவது முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய். கறையானைத் தடுக்கும். ஆனால் மரம் கறுத்துவிடும், கையில் பட்டால் கொப்புளம் போடும். உத்தரத்துக்கும் தளத்தின் அடிப்பக்கத்துக்கும் சரி, உட்காருகிற இடத்துக்கு வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள். கூலிக்கணக்கைச் சுருக்கிச் சொல்கிறேன். சதுர அடிக்கு ஒரே விலை என்று போனில் சொல்லாதீர்கள். பத்து சதுர அடியில் முதலில் செய்துபாருங்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு எண்ணெய் என்று அதிலேயே தெரியும். கைப்பிடியையும் படியையும் தனியாக அளந்து எழுதுங்கள், நேரத்தைத் தின்பது அவைதான். கழுவ ஒரு நாள், உப்புத்தாள் தேய்க்க ஒரு நாள், பூச ஒரு நாள் என்று மூன்று தடவை போகிற வண்டிச் செலவையும் சேருங்கள். வேலை தொடங்கும் முன், ஏற்கெனவே உளுத்த பலகைகளைப் படம் எடுத்து வீட்டுக்காரரிடம் காட்டிவிடுங்கள். மழை வந்தால் பூச்சு நாள் தள்ளிப்போகும் என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் எண்ணெய் விலைக்காவது ஈடாக இருக்கட்டும்.

மிஷினுக்குத் தனி எர்த்தும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்சும் இல்லாத வீட்டில் பிளக்கைச் சொருகாதீர்கள். ஈரத்தில் நின்று செய்கிற வேலை இது. நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.