ஏழு துளை, பன்னிரண்டு ஸ்வரம்

அனைவருக்கும் வணக்கம்.

வாத்திய மேதைகள் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மேதைகளைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். ஆனால் இன்றைக்கு மரம், தோல், நாணல், தந்தி இதெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகசுரத்தை எடுத்துக்கொள்வோம். விரல் வைத்து வாசிக்க அதில் இருப்பது ஏழே துளை. ஸ்வரஸ்தானங்களோ, அதாவது ச முதல் நி வரை ஸ்வரங்கள் நிற்கிற இடங்களோ, பன்னிரண்டு. மீதி எங்கே ஒளிந்திருக்கிறது? அடிப்பக்கத்தில் இன்னும் சில துளைகள் உண்டுதான். அவை விரலுக்கானவை அல்ல, மெழுகு வைத்து அடைத்துச் சுருதி பார்ப்பதற்கு. ஆக, மீதியை வாசிப்பவர்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். துளையைப் பாதி மூடி, கால் திறந்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டில் இறுக்கித் தளர்த்தி, மூச்சைக் கூட்டிக் குறைத்து.

சின்ன வயதில் ஒரு நாகசுரக்காரர் வாத்தியத்தை என் கையில் கொடுத்து ஊதச் சொன்னார். கன்னம் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு கீச்சுச் சத்தம் வந்தது, அதுவும் உடனே நின்றுவிட்டது. அவர் சிரிக்கவில்லை. வாத்தியத்தில் தொங்கிய கொத்திலிருந்து வேறொரு சீவாளியை எடுத்து வாயில் வைத்து நனைத்தபடியே, "காஞ்ச சீவாளி பேசாது தம்பி" என்றார். நாணல் தட்டையில் செய்த அந்தச் சின்னத் துண்டுக்கு இவ்வளவு பெரிய மனிதர் காத்திருக்கிறாரே என்று அப்போது ஆச்சரியமாக இருந்தது.

நாகசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை என்றால் தோடி ராகம். தோடியின் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், ஓர் இடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்வரத்துக்கு ஒரு கட்டை என்று வைத்திருக்கும் பியானோவில் இந்த ஆட்டம் வராது. மூடியும் மூடாமலும் விரல் நிற்கிற துளையில் வரும். வாத்தியத்தின் போதாமை என்று நமக்குத் தோன்றுகிற இடத்தில்தான் அவருடைய தோடி குடியிருந்தது.

அப்படிப்பட்டவருக்கும் கையில் இருந்த வாத்தியம் போதவில்லை. அந்தக் காலத்தில் வழக்கிலிருந்தது திமிரி. குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும். வீதி உலாவுக்கு அது சரி. உட்கார்ந்து மணிக்கணக்கில் ராகம் விரிக்க நீளமான, சுருதி தாழ்ந்த வாத்தியம் வேண்டும். அதுதான் பாரி. நீளத்தைக் கூட்டினால் முடிந்ததா? துளைகளின் இடம் எல்லாம் மாறும். ஒரு துளையை ஒரு நூல் தள்ளினால் இந்த ஸ்வரம் சரியாகும், பக்கத்து ஸ்வரம் கோணிக்கொள்ளும். சுத்த மத்தியமம் என்ற 'ம' ஸ்வரம் பெரிய தலைவலியாக இருந்தது. அதைச் சரியாகப் பேச வைத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் இருக்கிற சின்ன ஊர் அது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய ஆச்சா மரத்தைத்தான் தேடிப் பிடித்துக் கடைவார்கள். 2022இல் அந்த ஊர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். வித்வான் வாத்தியத்தை வசப்படுத்தினார் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அங்கே நடப்பது பேரம். இவர் ஒன்று கேட்பார், அது முடியாது என்னும். நடுவில் கையில் உளியோடு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார்.

கத்ரி கோபால்நாத்துக்கு வந்தது நேர் எதிரான சிக்கல். அவர் நாகசுரக் குடும்பத்துப் பிள்ளை. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்டு மயங்கி அதைக் கையில் எடுத்தார். 1846இல் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை வாங்கிய அந்த வாத்தியத்தில் பன்னிரண்டு ஸ்வரத்துக்கும் விசை உண்டு. அமுக்கினால் ஸ்வரம் சுத்தமாக வந்து நிற்கும். அந்த நிற்பதுதான் தொல்லை, ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற கமகம் எங்கே போகும்? விசைகளிலும் அடைப்பான்களிலும் மாற்றம் செய்து, உதட்டையும் மூச்சையும் பழக்கி, பல வருஷம் அதனோடு மல்லுக்கட்டினார். 1994இல் லண்டனில் ப்ரோம்ஸ் என்ற இசை விழா மேடையில் அவர் வாசித்தது கர்நாடக சங்கீதம்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கதையும் இதே ஜாதிதான். சாதாரண மாண்டலினில் எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கும். ஜோடியை இழுத்துக் கமகம் கொடுத்தால் இரண்டும் ஒன்றாக வராது. மீட்டிய நாதமும் சட்டென்று அடங்கிவிடும். அவர் எடுத்தது மின் மாண்டலின். ஜோடிகளை விட்டு ஒற்றைத் தந்தியாக்கினார், அப்புறம் கீழ் ஸ்தாயிக்கு ஐந்தாவது தந்தியும் சேர்ந்தது. 45 வயதில், 2014இல் போய்விட்டார். அதைப் பற்றி அதிகம் பேச மனம் வரவில்லை.

மிருதங்கத்துக்கு வருவோம். பலா மரக் கட்டை, பசு, ஆடு, எருமை என்று மூன்று வகைத் தோல். வலது பக்கமான வலந்தலையில் கறுப்பாகத் தெரிகிறதே, அது சோறும் கற்பொடியும் பிசைந்தது. கொஞ்சம் வைத்துத் தேய்க்க வேண்டும், காய வேண்டும், மறுபடி கொஞ்சம். இடது பக்கமான தொப்பியில் கச்சேரிக்கு முன்னால் ரவையைக் குழைத்து அப்புவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று ஒதுக்கியவர். அந்த நாதம் தோலிலிருந்தே வந்தாக வேண்டும். அதற்குத் தோல் தேர்ந்து, வார் பிடித்துக் கொடுத்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. ஐயர் காதில் ஒன்றை வைத்துக்கொண்டு கேட்பார், இவர் கையால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பார். மேடையில் ஐயர் பெயருக்குக் கைதட்டல். பர்லாந்து பெயர் எந்தக் கச்சேரி நோட்டீஸிலும் வராது. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது, இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

வெளியூர்க் கதை ஒன்று சொல்லி முடிக்கிறேன். இத்தாலிய வயலின் மேதை பாகனினியின் வயலின் 1743இல் குவார்னெரி என்ற வயலின் செய்பவர் செய்தது. அதன் முழக்கத்துக்காகப் பீரங்கி என்று பெயர் வைத்திருந்தார். ஒரு முறை அது பழுதாகி, பாரிஸில் வியோம் என்ற வயலின் செய்பவரிடம் போனது. அவர் பழுதும் பார்த்தார், அச்சு அசலாக இன்னொன்றும் செய்துவிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, தன்னோடு இத்தனை வருஷம் இருந்த வாத்தியம் எது என்று பாகனினிக்குப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லையாம். திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். கடைசியில் வில்லை எடுத்து வாசித்துப் பார்த்துத்தான் தன்னுடையதைக் கண்டுபிடித்தார்.