குழந்தையின் முறை வரும்வரை காத்திருங்கள்

அவையோருக்கு வணக்கம். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் கைக்குழந்தையோடு மாதுங்காவுக்கு வந்திருக்கும் தாய்மார்களுக்குத் தனி வணக்கம்.

பேச்சு சீக்கிரம் வர என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம் என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். எதுவும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். குழந்தை பேசுவதற்கு வெகுநாள் முன்பே, கருவின் கடைசி மூன்று மாதங்களிலேயே, தாயின் குரலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே முதல் வேலை, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியை நிறுத்துவது. வெளியே ரயிலும் உள்ளே மிக்சியும் இரையும் ஓரறை வீட்டில் குரலை உயர்த்துவதைவிடக் குழந்தையின் அருகில் போய் உட்காருவது நல்லது. இடைவெளி பாதியானால் நம் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுதலாக அதன் காதை எட்டும்.

நண்டூருது விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் கிளம்பிய விரல்கள் முழங்கையைத் தாண்டி ஏறி, அக்குளுக்குச் சற்று முன்னால் நின்றுவிடட்டும். நீங்களும் வாய் திறக்காதீர்கள். குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும், தோளைக் குறுக்கும், பிறகு 'ம்' என்றோ 'ஆ' என்றோ ஓர் ஒலி எழுப்பும். அதன் பிறகே கிச்சுகிச்சு மூட்ட வேண்டும். தான் ஒலி எழுப்பினால் ஒன்று நடக்கிறது என்று குழந்தை அறிவது அந்த நொடியில்தான். நம்மில் பலர், பாட்டிமார்கள் மன்னிக்க வேண்டும், அந்த மௌனத்தைத் தாங்க மாட்டாமல் குழந்தையின் பங்கையும் நாமே பேசிவிடுகிறோம்.

ஒரு வயதுக் குழந்தை 'தண்ணி' என்றால், சரியாகச் சொல் என்று திருத்தாமல், 'தண்ணி வேணுமா? ஊத்தட்டுமா?' என்று அதன் சொல்லை நீட்டிக் கொடுத்தால் போதும். இரண்டரை, மூன்று வயதில், ஒலி கேட்டதும் ஒரு மூடியை டப்பாவில் போடும் விளையாட்டைப் பழக்கலாம். செவித்திறன் பரிசோதனையிலும் இதே உத்தியைத்தான் கையாளுகிறார்கள்.

வீட்டில் தமிழ், மாடிப்படியில் மராத்தி, பால்வாடியில் இந்தி என்று கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆனால், 'அவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்' என்று காத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது; பேச்சு தாமதமாவதற்குக் காது சரியாகக் கேளாததும் காரணமாக இருக்கலாம். பிறந்து 1 மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, குறை தெரிந்தால் 3 மாதத்துக்குள் உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் காதொலிக் கருவியும் பயிற்சியும் என்பதே மருத்துவ நெறி. பாந்த்ராவில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இதற்கென்றே இயங்குகிறது.

காதொலிக் கருவி அணிந்த குழந்தைக்கும் விளையாட்டுகள் இவையேதான். காலையில் கருவியை மாட்டியதும், வாய் தெரியாதபடி பின்னால் இருந்து 'ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ்' என்று காது கேளாத குழந்தைகளின் கல்வியாளர் டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பேச்சொலிகள் காதில் விழுகின்றனவா என்பதோடு, பேட்டரி தீர்ந்துவிட்டதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.